மழைக்கு முன் திருப்பித் தரவேண்டிய வண்டி

சிட்னி
12 மே 2001

மரியாதைக்குரிய கடை உரிமையாளர் அவர்களுக்கு,

வருகிற ஜூலை பத்தாம் தேதி முதல் ஆகஸ்ட் இருபதாம் தேதி வரை பத்ரூனில் விடுமுறையைக் கழிக்க வருகிறேன். எனக்கு ஒரு சின்ன வண்டி வாடகைக்கு வேண்டும். ஓட்டப் போகிறவர் பெயர் ஓதெத். வயது ஐம்பத்து நான்கு. லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. இதுவரை எதிலும் மோதியதில்லை, மகள் வீட்டுத் தபால் பெட்டியைத் தவிர.

கடைக்கு எழுத வேண்டியது முடிந்தது. இனி உங்களுக்கு.

தன்னூஸ், சிரிக்கிறீர்களா, பல்லைக் கடிக்கிறீர்களா? இருபத்தெட்டு வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தினேன். கடை முற்றத்தில் பதினோரு வண்டி நின்றது. ஒன்றின் சாவியைக்கூட என் கையில் கொடுத்ததில்லை. கேட்டால், "இதெல்லாம் வாடிக்கையாளருக்கு" என்பீர்கள். ஒரே ஒரு நாள் கற்றுக்கொடுக்கக் கூட்டிப்போனீர்கள். துறைமுகத் திருப்பத்தில் வண்டி அணைந்துவிட்டது. அபூ எலியாஸின் சலூன் வாசலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்க்க, "எறங்கு, எறங்கு. உனக்கு அடுப்புதான் லாயக்கு" என்றீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. சிரித்தவர்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

ரீமாவின் பிரசவத்துக்கு மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. நான் வராததற்கு அந்தச் சிரிப்பு மட்டும் காரணம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது "எப்போ வர்றே?" என்று நீங்கள் கேட்டிருந்தால், எப்போது என்று யோசித்திருப்பேன்.

தூமாவில் அக்கா மார்செல் வீட்டில் தங்கப் போகிறேன். மலையிலிருந்து கடலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ்தான். எனக்குத் தினமும் கடலைப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளராக வந்தால்தான் உங்களிடம் சாவி கிடைக்கும் என்றால், வாடிக்கையாளராகவே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓதெத்


பத்ரூன்
2 ஜூன் 2001

ஓதெத்துக்கு,

கடைக்கு எழுதினாய், கடை பதில் சொல்கிறது: வண்டி இருக்கிறது. வெள்ளை நிறம், சின்னது, நான்கு கதவு. வாடகை வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட் என்பது அரசாங்க விதி, உனக்காக மாற்ற முடியாது. வண்டியைக் கொடுக்கும்போது சுற்றி நடந்து கீறல்களைத் தாளில் குறிப்போம். நீ கையெழுத்துப் போட வேண்டும். திருப்பித் தரும் தேதியையும் எழுத வேண்டும்.

இனி புருஷன் எழுதுகிறான். சொந்த ஊருக்கு யாராவது விடுமுறைக்கு வருவார்களா என்று கேட்க நினைத்தேன். பிறகு யோசித்தேன், வருகிறார்கள், என் பிழைப்பே அவர்களால்தான். கோடையில் வருகிறார்கள், பச்சை பிளேட் வண்டியில் சுற்றுகிறார்கள், எலுமிச்சை ஜூஸ் குடிக்கிறார்கள், "ஊர் மாறவே இல்லை" என்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

வீட்டில் நான்கு அறை இருக்கிறது. மூன்றில் யாரும் இல்லை. உனக்குத் தெரியாதது இல்லை, சும்மா எழுதினேன். தூமாவில் காற்று நன்றாக இருக்கும்.

இங்கே சாலையில் வலது பக்கம் ஓட்ட வேண்டும். அங்கே இடது பக்கமாமே. மறந்துவிடாதே. வண்டி போனால் போகிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

தன்னூஸ்


பத்ரூன்
3 செப்டம்பர் 2001

ஓதெத்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக ரீமா தொலைபேசியில் சொன்னாள். போனை உன்னிடம் கொடுக்கச் சொல்லலாம் என்று பார்த்தேன், அதற்குள் காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது.

நீ போய் இரண்டு வாரம் ஆகியும் ஊர் உன்னைப் பற்றித்தான் பேசுகிறது. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்திரேலியா வண்டியில் இண்டிகேட்டர் வலது கைப் பக்கமாம், வைப்பர் இடது கைப் பக்கமாம். இங்கே நேர்மாறு. ஆகவே நம் ஓதெத் அம்மாள் ஆறு வாரமும் திருப்பத்துக்குத் திருப்பம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டிருக்கிறாள்! ஆகஸ்ட் வெயிலில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, வைப்பர் இரண்டும் கண்ணாடியைக் கரகரவென்று தேய்க்கின்றன. அபூ எலியாஸ் சலூன் வாசலில் நின்றுகொண்டு, "ஏய், மழ வருது மழ வருது! ஓதெத் திரும்புறா, வழி விடுங்கப்பா!" என்று கத்துவாராம். துறைமுகத்தில் மீன் விற்கிறவன்கூட வைப்பரைப் பார்த்ததும் கூடையைத் தள்ளி வைத்திருக்கிறான். ஊரில் நீ இடித்த வண்டி ஒன்றும் இல்லை. எல்லாரும் வைப்பரைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார்கள் போல.

வண்டியில் நீ விட்டுப்போனவை: இரண்டு ஹேர்பின், ஒரு காலி ஜூஸ் பாட்டில், கால் மிதிக்கும் இடத்தில் ஒரு கைப்பிடி மணல். உன் உயரத்துக்கு இருக்கையை முன்னால் இழுத்து வைத்திருந்தாய். நான் அதைப் பின்னால் தள்ளவில்லை. நான்கு நாள் கழித்து ஒரு நெட்டை பெல்ஜியக்காரன் வாடகைக்கு எடுத்தான், அவன் தள்ளிவிட்டான்.

தன்னூஸ்


சிட்னி
18 நவம்பர் 2001

தன்னூஸ்,

வைப்பர் விஷயத்தைப் படித்துவிட்டு ரீமா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். ஊர்வாயை மூட உலைமூடி ஏது. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: அபூ எலியாஸ் கத்தியது எனக்குக் கேட்டது. முதல் நாள் காது சிவந்தது. ஒரு வாரம் போனதும், அவர் கத்தாத நாளில், உடம்பு சரியில்லையோ என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு வலித்தது வேறு. வண்டியைத் திருப்பித் தந்த அன்றைக்கு, கையில் தாளை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தீர்கள். முன் பம்பரில் பழைய கீறல், சரி. பின் கதவில் ஒன்று, சரி. உள்ளே எட்டிப் பார்த்து, "பெட்ரோல் சரியா இருக்கு" என்றீர்கள். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரத் தம்பதியிடமும் அதையேதான் சொன்னீர்கள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், அடுத்த வார்த்தை வரும் என்று. "டாக்ஸி வந்துருச்சு" என்றீர்கள்.

ஆறு வாரம், தன்னூஸ். ஒரு வேளை சேர்ந்து சாப்பிடவில்லை. நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு. உங்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு ரீமாவும் மருமகனும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரன் ரோனி காப்பகத்துக்குப் போகிறான். அவன் இப்போது இங்கிலீஷில்தான் அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். இறங்குவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அலையைப் பார்த்துவிட்டு வருவேன். இங்கே நான் இண்டிகேட்டரைச் சரியாகத்தான் போடுகிறேன். யாருக்காகப் போடுகிறேன் என்றுதான் தெரியவில்லை.

இருக்கையை நீங்கள் பின்னால் தள்ளவில்லை என்று எழுதியிருந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

ஓதெத்


பத்ரூன்
9 பிப்ரவரி 2002

அன்புள்ள ஓதெத்,

இன்று மார் மாரூன் திருநாள், கடை விடுமுறை. விடுமுறை இல்லாவிட்டாலும் வருகிறவர் யாரும் இல்லை. நான்கு நாளாக மழை. கடல் பழைய சுவரைத் தாண்டி வந்து தேவாலயப் படி வரை நனைத்துவிட்டுப் போகிறது. பதினோரு வண்டியும் முற்றத்தில் நனைந்துகொண்டு நிற்கின்றன. பேட்டரி செத்துவிடாமல் இருக்கத் தினமும் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விடுகிறேன். உள்ளே உட்கார்ந்திருப்பேன். உன் வண்டியில் மட்டும் பதினைந்து நிமிடம். ஹீட்டர் அதில்தான் நன்றாக வேலை செய்கிறது.

பருப்பு சூப் வைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு ஆளுக்கு வைக்க வரவில்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் பானை நிறைந்துவிடுகிறது. மூன்று நாள் அதையே சாப்பிடுகிறேன்.

நீ எழுதியிருந்தாய், அடுத்த வார்த்தைக்காக நின்றேன் என்று. வார்த்தை இருந்தது, ஓதெத். தொண்டை வரை வந்தது. அந்தப் பிரெஞ்சுக்காரன் நடுவில் வந்து டயரில் காற்று எவ்வளவு என்று கேட்டுத் தொலைத்தான். அவன் மேல் பழி போடுகிறேன் என்று சொல்வாய். ஆமாம், போடுகிறேன்.

வரும் கோடைக்கு வண்டி உனக்கே. ஒப்பந்தத் தாளை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். பெயர், லைசென்ஸ் நம்பர், கொடுக்கும் தேதி எல்லாம் இருக்கிறது. திருப்பித் தரும் தேதியை மட்டும் எழுதவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். விதிப்படி அப்படி விடக் கூடாது. போலீஸ் கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

தன்னூஸ்


தூமா
14 செப்டம்பர் 2002

அன்புள்ள தன்னூஸ்,

ரொட்டி வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், வழியில் அவர் பிரித்துப் படிக்காமல் இருந்தால் சரி. இன்று சிலுவைத் திருநாள். மார்செல் வீட்டு மாடியில் விறகு அடுக்கியாயிற்று, இருட்டியதும் கொளுத்துவோம். அங்கிருந்து பார்த்தால் மலையில் ஒரு தீ தெரியும், அது நாங்கள்தான்.

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன். ஆகஸ்ட்டில் கிளம்பவில்லை என்றதும் ரீமா, "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, அத்திப்பழம் இன்னும் பழுத்துக்கொண்டிருக்கிறது என்றேன். இந்தக் கோடையில் ஐந்து ஞாயிறு நீங்கள் தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதை அவளிடம் சொல்லவில்லை. கடைசி ஞாயிறு நீங்கள் ஒரு ஜோக் சொன்னீர்கள். பழைய ஜோக்தான். மார்செல் சிரிக்கவில்லை, நான் சிரித்தேன்.

இன்னொன்று. கவனித்தீர்களா, இந்த வருடம் ஒரு தடவைகூட வைப்பர் ஓடவில்லை! இரண்டரை மாதமாக வண்டி ஓட்டுகிறேன். கை தப்பான பக்கம் போவது போல இருக்கும், ஆனால் ஒன்றும் நடக்காது. உடனே சரியான பக்கம் போட்டுவிடுவேன். அபூ எலியாஸ் சலூன் வாசலில் கத்திரிக்கோலோடு ஏமாந்துபோய் நிற்கிறார். "என்னம்மா, மழையே காணோம்?" என்று கேட்டார். "தேறிட்டேன், அபூ எலியாஸ்" என்றேன். ஐம்பத்தைந்து வயதில் கை புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது, அந்தப் பெருமையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டி இன்னும் கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டுமா? அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நேரில் ஒன்று சொல்ல வேண்டும்.

ஓதெத்


பத்ரூன்
16 செப்டம்பர் 2002

ஓதெத்,

தீயைப் பார்த்தேன். இல்லை, மலை முழுவதும் தீயாக இருந்தது, அதில் ஒன்றை நீ என்று வைத்துக்கொண்டேன்.

வண்டி இருக்கட்டும். 28ஆம் தேதி சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வா. மீன் வாங்கி வைக்கிறேன், நீ விரும்பும் சிவப்பு மீன். பொரிக்கிறது நீ, முள் எடுக்கிறது நான். சொல்ல வேண்டியதை வீட்டில் வைத்துச் சொல்.

தன்னூஸ்


தூமா
30 செப்டம்பர் 2002

தன்னூஸ்,

சனிக்கிழமை நான் ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செப்டம்பரின் வால் நனைந்திருக்கும் என்று இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். காலையிலேயே மேகம் கட்டியிருந்தது. மார்செல், "மழ பெஞ்சு ஓஞ்சதும் போடி" என்றாள். நான்தான் கேட்கவில்லை. பின் சீட்டில் என் பெட்டி இருந்தது. இரண்டு பெட்டியும். டிக்கியில் பன்னிரண்டு ஜாடி: ஆறு அத்திப்பழ ஜாம், நான்கு எண்ணெயில் ஊறிய பிஞ்சுக் கத்தரிக்காய், இரண்டு ஆலிவ். குளிர்காலத்துக்கு இரண்டு பேருக்குப் போதும் என்று கணக்குப் போட்டுச் செய்தேன். நேரில் சொல்ல வேண்டும் என்று எழுதினேனே, அது இதுதான்.

ஏழாவது வளைவில் மழை பிடித்தது. தூறல் இல்லை, வாளியால் கொட்டுகிற மழை. வைப்பரைப் போட்டேன். ஓடவில்லை. தப்பான கம்பியைத் தொட்டேனோ என்று இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே எல்லாம் இழுத்தேன். எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, மேரி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஒருவழியாக ஓரம் கட்டினேன்.

ஆப்பிள் ஏற்றிக்கொண்டு வந்த லாரிக்காரர் நின்றார். நல்ல மனிதர், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து உள்ளே குனிந்து ஒரு மூடியைத் திறந்து பார்த்தார். "பியூஸ் போகலம்மா" என்றார். "யாரோ கழட்டி எடுத்திருக்காங்க. வைப்பருக்கு உள்ளது மட்டும். தெரிஞ்சவன் செஞ்ச வேலை." பிறகு பச்சை பிளேட்டைப் பார்த்தார். "வாடகை வண்டிதானே? கோடையோட போயிருவாங்க, வைப்பர் எதுக்குன்னு எடுத்துட்டான் போல."

மழை விடும்வரை உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம். யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. மழை விட்டதும் வண்டியைத் தூமாவுக்கே திருப்பினேன்.

இரண்டரை மாதம் நான் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மார்செலிடம் சொன்னேன், அபூ எலியாஸிடம் சொன்னேன், உங்களுக்கே எழுதினேன். நீங்களும் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, தன்னூஸ். நீங்கள் பியூஸைக் கழற்றி வைத்திருந்தீர்கள்.

அதைக்கூட விட்டுவிடுவேன். மழை வரும்போது நான் இங்கே இருப்பேன் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன் என்று எழுதினீர்கள். தாளில்தான் விட்டீர்கள். மனதில் தேதி எழுதித்தான் வைத்திருந்தீர்கள்.

சாவியை மார்செல் மகன் நபீல் கொண்டுவருவான், வண்டியையும். பெட்டிகளை இறக்கிக்கொண்டேன். வரும் வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். விமான நிலையத்துக்கு வராதீர்கள்.

ஓதெத்


பத்ரூன்
20 அக்டோபர் 2002

அன்புள்ள ஓதெத்,

நபீல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்றே டிக்கியைத் திறந்தேன். நீ ஜாடிகளை மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா, தெரியவில்லை. பன்னிரண்டையும் சமையலறைப் பலகையில் அடுக்கினேன். ஒன்றையும் திறக்கவில்லை.

இனி எழுதுவதை அடித்துத் திருத்தாமல் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பியூஸைக் கழற்றியது நான்தான். இந்த ஜூன் மாதக் கடைசியில் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். "என்ன தன்னூஸ், மழைக்காரி இந்த வருஷமும் வர்றாளா? குடையை எடுத்து வைக்கவா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். போன வருடம் அதே கதையை நானே உனக்குச் சிரித்துச் சிரித்து எழுதினேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்துவிட்டேன். துறைமுகத் திருப்பமும், நீ வண்டியிலிருந்து இறங்கி வீடு வரை நடந்தே போனதும் ஞாபகம் வந்தது. எனக்கு ஞாபகம் இருக்காது என்று எழுதினாய். இருக்கிறது. நீ அன்றைக்கு நீலப் பாவாடை போட்டிருந்தாய்.

இனி எவனும் உன்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னால், "எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்றீங்களா?" என்று சண்டைக்கு வருவாய். அதனால் சொல்லாமல் கழற்றினேன். கீறல் குறிக்கும் தாளில் எல்லாக் கீறலையும் குறித்தேன், இதை மட்டும் குறிக்கவில்லை. நீ தேறிவிட்டாய் என்று எழுதியதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. நான் முட்டாள். சனிக்கிழமை மழை பிடித்ததும் கையில் மீனோடு சமையலறையில் நின்றேன். அப்போதுதான் பொறி தட்டியது. வேறு வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினேன். நான் வந்து சேர்ந்தபோது ஏழாவது வளைவில் டயர்த் தடம் மட்டும் இருந்தது. மார்செல் கதவைத் திறக்கவில்லை.

மழை வரும்போது நீ இருப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை என்கிறாய். உண்மைதான். நினைக்கப் பயமாக இருந்தது. முப்பது வருடமாக வாடகைக்குக் கொடுத்துக் கொடுத்து, வருகிறவர் எல்லாரும் தேதியோடுதான் வருவார்கள் என்று பழகிவிட்டது. இரு என்று ஒருவரைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

இப்போது கேட்கிறேன். இரு. வந்து இரு. எப்போது வருகிறாய், ஓதெத்?

உன் வண்டியை வாடகையிலிருந்து எடுத்துவிட்டேன். பச்சை பிளேட்டைக் கழற்றி வெள்ளை பிளேட் மாட்டியாயிற்று. கடை முற்றத்தில் இல்லை, வீட்டு வாசலில் நிற்கிறது. பியூஸைப் போட்டுவிட்டேன். வைப்பர் ரப்பரும் புதிது.

மீன்காரியிடம், கடைப் பூனையிடம் எல்லாம், நீ இல்லாமல் ஒரு நாளும் வேண்டாம் என்பதற்கு நம் ஊரில் சொல்வது போல, "நீதான் என்னைப் புதைக்கணும்" என்று பிரியமாகச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்ல மட்டும் எப்போதும் வெட்கமாக இருந்தது. நீதான் என்னைப் புதைக்க வேண்டும், ஓதெத்.

உன் தன்னூஸ்


சிட்னி
26 ஜனவரி 2003

அன்புள்ள தன்னூஸ்,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதம் இருந்தேன். கோபத்தில் இல்லை. கோபம் விமானத்திலேயே பாதி போய்விட்டது, நீலப் பாவாடையில் மீதி போய்விட்டது.

ஆனாலும் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளவில்லை. அவர்கள் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை என்று அப்போதே எழுதியிருந்தேன். அது அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை. அன்றைக்கு இறங்கு என்று சிரித்தீர்கள். இது நான் ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்ற சிரிப்பு. நான் திரும்பும்போது ஒரு ஊரே திரும்பிப் பார்த்தது. அதைத்தான் கழற்றிவிட்டீர்கள்.

போன வாரம் இங்கே ஒன்று நடந்தது. ரோனியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ரயில் நிலையத்துப் பக்கம் வளைகிறேன், இடது கை தானாகப் போய்க் கம்பியைத் தட்டியது. வைப்பர் ஓட ஆரம்பித்துவிட்டது. சிட்னியில், நல்ல வெயிலில்! அப்படியென்றால் என் கை அங்கே கொஞ்சம் கற்றுத்தான் இருக்கிறது. வீடு வரை அதை நிறுத்தவில்லை. நடைபாதையில் எத்தனையோ பேர் போனார்கள். ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் வண்டியை ஓரம் கட்டி அவரோடு பேசியிருப்பேன்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை நான்கு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் மறுநாளே பெட்டி கட்டியிருப்பேன். இப்போது கட்டிய பெட்டியை ஒரு தடவை மழையில் இறக்கிவிட்டேன். இன்னொரு தடவை தூக்க எனக்குத் தெம்பு வரும் என்று தோன்றவில்லை. வரவே மாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. வருகிறேன் என்று எழுதவும் வரவில்லை. தேதி கேட்காதீர்கள்.

ஜாடிகளைத் திறந்து சாப்பிடுங்கள். ஜாம் ஒரு வருடம்தான் தாங்கும்.

ஓதெத்


பத்ரூன்
17 ஆகஸ்ட் 2003

அன்புள்ள ஓதெத்,

ஜனவரிக்குப் பிறகு நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முந்தைய நான்கும் உனக்கு வந்து சேர்ந்தன என்று ரீமா சொன்னாள். நீ படித்தாய் என்றும் சொன்னாள். அது போதும். தேதி கேட்கவில்லை.

ஜாடிகளில் பத்தாவது வரை, இல்லை, எண்ணிக்கை எதற்கு. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கத்தரிக்காய் நன்றாக இருந்தது. பூண்டு கொஞ்சம் தூக்கல்.

இந்தக் கோடையில் கூட்டம் அதிகம். பத்து வண்டியும் போய்விட்டது. கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாசலில் நிற்கும் வெள்ளை வண்டியைக் காட்டி, "அது இருக்கே, குடுங்க" என்று கேட்டது. "அது வாடகைக்கு இல்ல, வீட்டம்மா வண்டி" என்றேன். "அவங்க எங்கே?" என்று கேட்டார்கள். வெளியே போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று முன்தினம் மாதா திருநாள். பூசை முடிந்து, பேட்டரிக்காக உன் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனேன். இருக்கை முன்னால் இழுத்தபடியே இருக்கிறது, முழங்கால் இடிக்கும், இருந்தாலும் அப்படியே ஓட்டுகிறேன். துறைமுகத் திருப்பத்துக்கு வந்தேன். நல்ல உச்சி வெயில். தெரிந்தேதான் செய்தேன், ஓதெத். இண்டிகேட்டரைத் தொடவில்லை. வைப்பரைப் போட்டேன்.

சலூன் வாசலில் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரத்ததுதான் தாமதம், அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அபூ எலியாஸ் ஒரு ஆளைச் சோப்பு நுரையோடு நாற்காலியில் விட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடிவந்தார். "மழ வந்துருச்சுடா! ஓதெத் வந்துட்டா! எப்ப வந்தா? தன்னூஸ் சொல்லவே இல்லையே!" மீன்காரன் கூடையைத் தள்ளி வைத்தான். யாரோ கை தட்டினார்கள். வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியதில் உள்ளே யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எல்லாரும் வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

நான் ஓரம் கட்டினேன். வைப்பரை நிறுத்தவில்லை. இறங்கினால் நீ வரவில்லை என்று ஆகிவிடும். அதனால் அவர்கள் கிட்டே வந்து எட்டிப் பார்க்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் தன்னூஸ்